பூஜ்யம் டாலர் கூலிக்குச் சரக்கை ஏற்றுகிறார்கள் என்றால் காசை எங்கே வாங்குகிறார்கள்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரூரில் டேபிள் கிளாத்தும் கிச்சன் டவலும் தைக்கிற ஒரு சின்ன யூனிட். முதல் முறையாக ஜெர்மனியிலிருந்து ஒரு கடைக்காரர் நேரடியாக ஆர்டர் கொடுத்திருக்கிறார். 84 அட்டைப் பெட்டி, ஒவ்வொன்றும் 60×40×25 செ.மீ., எடை 15 கிலோ. முழு கன்டெய்னர் எடுக்கிற அளவுக்குச் சரக்கு இல்லை, அதனால் பலர் சரக்கோடு சேர்ந்து ஒரே கன்டெய்னரில் போகிற எல்சிஎல் முறையில் தூத்துக்குடியிலிருந்து ஹாம்பர்க்குக்கு ரேட் கேட்டிருக்கிறார். சரக்கை அனுப்பிவைக்க ஏற்பாடு செய்கிற ஃபார்வர்டர்களில் ஒருவர் சிபிஎம்முக்கு, அதாவது ஒரு கன மீட்டர் இடத்துக்கு, 35 டாலர் என்கிறார், இன்னொருவர் 18, மூன்றாமவர் பூஜ்யம். வாங்குபவரிடம் பேசியிருப்பது சிஐஎஃப் ஹாம்பர்க் விலை, அதாவது ஹாம்பர்க் வரை கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்த விலை. "பூஜ்யம் சொன்னவரை நம்பலாமா?" என்று கேட்கிறார்.

நம்பலாம். அவர் பொய் சொல்லவில்லை, உங்களிடம் கடல் கூலி நிஜமாகவே வாங்கமாட்டார். உங்கள் ஜெர்மன் கடைக்காரரிடம் வாங்குவார். உங்களிடம் நேராக வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்குமோ அதைவிடக் கூடுதலாகவே வாங்குவார்.

இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் மூன்று ரேட்டையும் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். எல்சிஎல் என்பது கிட்டத்தட்ட ஷேர் ஆட்டோதான். கன்சாலிடேட்டர் என்று ஒருவர் கப்பல் கம்பெனியிடம் முழுக் கன்டெய்னர் பெட்டியைத் தன் பெயரில் எடுக்கிறார். பத்து பதினைந்து பேர் சரக்கை அதில் சேர்த்து அடுக்கி, ஆளுக்கு இவ்வளவு என்று இடத்தைப் பிரித்து விற்கிறார். கப்பல்காரர் கொடுக்கிற சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் (பிஎல்) அவர் பெயர் இருக்கும், அதுதான் மாஸ்டர் பிஎல். உங்களுக்கு அவர் தன் கைப்படக் கொடுப்பது ஹவுஸ் பிஎல். ஹாம்பர்க்கில் அவருக்கு ஒரு ஏஜென்ட் இருப்பார், பெட்டியைக் கிடங்குக்குக் கொண்டுபோய்ப் பிரித்து, அவரவர் சரக்கை அவரவருக்குக் கொடுப்பது அந்த ஏஜென்ட் வேலை. அங்கேதான் காசு இருக்கிறது. இறக்கும் கூலி, கிடங்குக் கூலி, பிரிக்கும் கூலி, டெலிவரி ஆர்டர் கட்டணம், டாக்குமென்ட் கட்டணம் என்று வரிசையாக ஒரு பில் போடுவார். வாங்குபவர் அந்த பில்லைக் கட்டாமல் சரக்கைத் தொட முடியாது. போட்டிக்கு இன்னொரு ஏஜென்டிடம் போகவும் வழியில்லை, ஏனென்றால் பெட்டி ஏற்கெனவே இவர் கையில். அப்படி வாங்குகிற காசில் ஒரு பங்கை, சிபிஎம்முக்கு இத்தனை டாலர் என்று, சரக்கு அனுப்பிவைத்த இந்தியக் கன்சாலிடேட்டருக்குத் திருப்பிக் கொடுக்கிறார். எங்கள் தொழிலில் ரிபேட் என்போம். அது கையில் வருகிற தைரியத்தில்தான் இங்கே பூஜ்யம் சொல்ல முடிகிறது. சில ஊர்களுக்குப் பூஜ்யத்துக்கும் கீழே போய், "சரக்கைக் கொடுங்கள், உங்களுக்கு நாங்கள் தருகிறோம்" என்று ஃபார்வர்டருக்குக் காசு கொடுத்து ஏற்றுகிற கூத்தும் உண்டு.

இதில் சட்டப்படி யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதுதான் விசேஷம். சிஐஎஃப் ஹாம்பர்க் என்றால் ஹாம்பர்க் வரை கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் உங்கள் பொறுப்பு, இறங்கிய பிறகு ஆகிற செலவு பொதுவாக வாங்குபவருடையது. கூலியைப் பூஜ்யமாக்கிச் செலவையெல்லாம் இறங்குகிற பக்கம் தள்ளினால் உங்கள் செலவு அவர் தலையில் போய் விழுகிறது, அவ்வளவுதான். இந்தக் கணக்கு கடைக்காரருக்குத் தெரியாது. அவர் பார்க்கப்போவது ஒன்றே ஒன்று: "சிஐஎஃப் என்று சொல்லி விலை வாங்கினாய், இப்போது எனக்கு இன்னொரு பில் வந்திருக்கிறதே?"

இதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், நான் வேலை பார்த்த இடத்தில், இங்கிலாந்துக்கு மூன்று சிபிஎம் பாத்திரச் சரக்கு. பூஜ்யம் ரேட், அனுப்பியவருக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பக்கம் வாங்கியவருக்கு வந்த பில், சரக்கு விலையில் ஆறில் ஒரு பங்குக்குப் பக்கம். அவர் பேசாமல் கட்டிச் சரக்கை எடுத்தார், அடுத்த இன்வாய்ஸில் அந்தத் தொகையை அப்படியே கழித்துக்கொண்டு அனுப்பினார், அதற்குப் பிறகு ஆர்டரே தரவில்லை. கழித்த காசு போகட்டும். மூன்று கண்காட்சிக்குப் போய் அலைந்து பிடித்த பார்ட்டி போனதுதான் இழப்பு.

அதனால் 0, 18, 35 என்ற எண்களை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். மூன்று பேருக்கும் ஒரே கடிதம் எழுதுங்கள். 5 சிபிஎம், 1,260 கிலோ, ஹாம்பர்க்கில் பெறுபவரிடம் வாங்கப்போகும் எல்லாக் கட்டணங்களையும் வரி வரியாக, யூரோவில், இந்தத் தேதி வரை செல்லும் என்று போட்டு அனுப்புங்கள் என்று கேளுங்கள். எது சிபிஎம் கணக்கில் வரும், எது மொத்தமாக ஒருமுறை வரும் என்றும் பிரித்துக் கேளுங்கள். ஒருவர் ஒரே நாளில் அனுப்புவார். இன்னொருவர் "அதெல்லாம் வாங்குபவர் பார்த்துக்கொள்வார் சார்" என்பார். அந்தப் பதிலே உங்களுக்கு வேண்டிய தகவல். வந்த தொகையை இந்தப் பக்கத்துச் செலவோடு கூட்டிப் பார்த்தால், 35 சொன்னவர் மொத்தத்தில் மலிவாக முடிவது ஒன்றும் அதிசயமில்லை.

இதைவிட நல்ல வழியும் ஒன்று உண்டு, விலையையே மாற்றிப் பேசுவது. எஃப்சிஏ தூத்துக்குடி சிஎஃப்எஸ் (கன்டெய்னரில் சரக்கைச் சேர்க்கிற, பிரிக்கிற கிடங்கு) என்று பேசினால், உள்ளூர் கஸ்டம்ஸ் முடித்து, வாங்குபவர் சொல்லும் ஏஜென்டின் கிடங்கில் சரக்கை ஒப்படைப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. கப்பலும் அந்தப் பக்கத்துச் செலவும் அவருடையது, ரேட்டும் அவரே பேசிக்கொள்வார், ஒளிந்து வருகிற பில் என்று ஒன்று இருக்காது. நம் ஊரில் பழக்க தோஷத்தில் எல்லோரும் எஃப்ஓபி என்றே எழுதுகிறோம். கன்டெய்னர் சரக்குக்கு அது பொருந்தாது, ஏனென்றால் எஃப்ஓபியில் சரக்கு கப்பலில் ஏறுகிற வரை பொறுப்பு உங்கள் தலையில் இருக்கிறது, ஆனால் கிடங்கில் கொடுத்த நிமிஷமே சரக்கு உங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. இன்கோடெர்ம்ஸ் 2020 விதிகளும் இந்த மாதிரிச் சரக்குக்கு எஃப்சிஏவைத்தான் சொல்கின்றன. ஆனால் சின்னக் கடைக்காரருக்கு இந்தியாவில் ஏஜென்ட் யாரையும் தெரியாது, "நீங்களே அனுப்புங்கள்" என்பார், அதுவும் நியாயம்தான். அப்போது சிஐஎஃப்பிலேயே இருங்கள், ஆனால் ஹாம்பர்க் கட்டணப் பட்டியலை இன்வாய்ஸ் போடுவதற்கு முன்பே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

சரி, இப்போது அளவுக்கு வருவோம். ரேட்டில் பேரம் பேசி மிச்சம் பிடிப்பதை இங்கே சத்தமில்லாமல் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

கப்பலில் கணக்கு ஒரு கன மீட்டரா, ஒரு டன்னா, எது பெரிதோ அது. உங்களுடையது 0.06 சிபிஎம் வீதம் 84 பெட்டி, 5.04 சிபிஎம். எடை 1.26 டன். எனவே இடத்துக்குத்தான் காசு. விமானத்தில் இதுவே தலைகீழ். அங்கே ஒரு கன மீட்டரை 167 கிலோவாக எடுத்துக்கொள்வார்கள், உங்கள் பருத்தித் துணி கன மீட்டருக்கு 250 கிலோ வருகிறது, அதனால் எடைக்குக் காசு கட்டுவீர்கள். கனமான துணிக்காரர்கள் கப்பலுக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் 5.04 என்பது உங்கள் பேக்கிங் லிஸ்ட்டில் இருக்கிற எண். துணிப் பெட்டி உப்பும். டவலை அமுக்கித் திணித்து டேப் போட்டால் ஒரு மணி நேரத்தில் நடுவில் வயிறு வைத்துவிடும். தூத்துக்குடி சிஎஃப்எஸ்ஸில் கார்ட்டிங் எடுக்கிறவர், அதாவது சரக்கை உள்ளே வாங்கிக்கொள்கிறவர், காலிப் பெட்டி அளவையா பார்க்கப்போகிறார்? உப்பிய இடத்தில்தான் அளக்கிற டேப்பை வைப்பார். 60×40×25 பெட்டி 62×42×28 ஆகிவிட்டால் ஒன்று 0.073 சிபிஎம், 84க்கு 6.12. கண்ணுக்கே தெரியாத இரண்டு மூன்று சென்டிமீட்டரில் ஒரு கன மீட்டருக்கு மேல் ஏறிவிட்டது. அது இங்கே மட்டும் ஏறாது, ஹாம்பர்க்கில் சிபிஎம் கணக்கில் வருகிற ஒவ்வொரு வரியிலும் ஏறும்.

இதற்கு உங்கள் பெட்டி அளவிலேயே விடை இருக்கிறது, தெரிந்து வைத்தீர்களா தற்செயலா என்று தெரியவில்லை. சரக்கை அடுக்கி ஃபோர்க்லிஃப்டால் தூக்குகிற தட்டான ஐரோப்பிய பாலெட் 120×80 செ.மீ. அதன்மேல் 60×40 பெட்டி ஓர் அடுக்குக்கு நான்கு, விளிம்பு வெளியே நீட்டாமல் கச்சிதமாக உட்காரும். ஏழு அடுக்கு வைத்தால் 28 பெட்டி, மூன்று பாலெட்டில் 84ம் முடிந்தது. உயரம் 175 செ.மீ., பாலெட் கட்டையோடு 190க்குள். ஸ்ட்ரெட்ச் ஃபிலிமை இழுத்துச் சுற்றி, பட்டை போட்டுக் கட்டினால் உப்பல் அடங்கும், மொத்தம் ஏறக்குறைய 5.5 சிபிஎம். பாலெட் போட்டால் அளவு கூடும் என்று எல்லோரும் பயப்படுவார்கள், உங்கள் விஷயத்தில் உப்பிய தனிப் பெட்டிகளைவிட இது குறைவு. அதோடு வழியில் பெட்டியை ஒவ்வொன்றாகத் தூக்கி எறிகிற வேலை இல்லை, ஃபோர்க்லிஃப்ட் மூன்று தூக்கில் முடித்துவிடும். ஆனால் அடிப்பெட்டியின் மேல் 90 கிலோ நிற்கும், ஐந்து ப்ளை, அதாவது ஐந்து அடுக்கு அட்டை, தாங்காமல் போகலாம், ஏழு ப்ளை அட்டைக்குப் போங்கள். மரப் பாலெட் என்றால், மரத்தோடு பூச்சி பரவாமல் தடுக்கிற ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதியின் முத்திரை கட்டாயம். அதாவது மரத்தின் உள்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் தொடர்ந்து 30 நிமிடம் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கீகரித்த மருந்துப் புகைமூட்டம் செய்திருக்க வேண்டும். முத்திரை இல்லாத மரத்தை ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள். பழைய பாலெட்டை மலிவாக வாங்கும்போது அந்த முத்திரை கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள்.

"மேலே எதுவும் அடுக்கக் கூடாது" என்று ஸ்டிக்கர் ஒட்டுகிற ஆசை வரும். வேண்டாம். ஒட்டினால் உங்கள் பாலெட்டுக்கு மேல் உள்ள காற்றுக்கும் சேர்த்துக் கூரை வரை காசு போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம், சேர்ந்து போவது என்றால் பக்கத்தில் உட்காருகிறவரின் நல்லது கெட்டதும் சேர்ந்துதான் வரும். முழுப் பெட்டிக்காரருக்கு இந்தத் தலைவலி இல்லை. பெட்டியில் உள்ள பன்னிரண்டு பேரில் ஒருவர் சரக்கில் டாக்குமென்ட் சரியில்லை என்று கஸ்டம்ஸ் நிறுத்தினால் மற்ற பதினொரு பேரும் காத்திருக்க வேண்டியதுதான். ஒருமுறை எங்கள் டவல் சரக்குக்குப் பக்கத்தில் யாரோ மசாலாப் பொடி அனுப்பியிருந்தார்கள். நாலு வாரம் மூடிய இரும்புப் பெட்டிக்குள் இரண்டும் குடித்தனம் செய்ததில், திறந்தபோது டவல் எல்லாம் சாம்பார் மணம். வாங்குபவர் படம் அனுப்பினார், மணத்தை எப்படிப் படத்தில் அனுப்புவது என்று அவருக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து துணிச் சரக்கு என்றால் ஒவ்வொரு அட்டைப் பெட்டிக்குள்ளும் பாலிதீன் லைனர் போடச் சொல்கிறேன். ஈரத்துக்கும் அதுதான் மருந்து. இங்கே வெக்கையில் மூடிய கன்டெய்னர் குளிர்ந்த கடலுக்குள் போகும்போது உள்கூரையில் நீர் கோத்துச் சொட்டும். சிலிக்கா ஜெல் பாக்கெட்டும் போடுங்கள், காசு கொஞ்சம்தான்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும், ஆறு நாளில் மீட்டார்கள். செய்தி அதோடு முடிந்துவிட்டது. சரக்குக்காரர்களுக்கு அங்கேதான் ஆரம்பம். கப்பல் உரிமையாளர் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார். அதாவது கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆன செலவைச் சரக்கு வைத்திருக்கிற எல்லோரும் அவரவர் மதிப்புக்கு ஏற்பப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும், உங்கள் சரக்குக்கு ஒரு கீறல்கூட விழாவிட்டாலும். இழப்பீட்டுத் தகராறில் கப்பல் எகிப்தை விட்டுக் கிளம்பவே ஜூலை ஆகிவிட்டது. இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி உத்தரவாதக் கடிதம் கொடுத்துவிடும், இல்லையென்றால் டெபாசிட் கட்டித்தான் சரக்கை எடுக்க வேண்டும். பகிர்ந்த பெட்டியில் இன்னொரு சங்கடம், உள்ளே இருக்கிற எல்லோரும் உத்தரவாதம் கொடுக்கிற வரை பெட்டி நகராது. சிஐஎஃப் விலையில் இன்சூரன்ஸ் உங்கள் கடமை. விதிப்படி குறைந்தபட்சப் பாதுகாப்பான சி கிளாஸ் போதும் என்றாலும், அதிகப் பாதுகாப்புள்ள ஏ கிளாஸ் எடுங்கள், இன்வாய்ஸ் மதிப்போடு 10 சதவீதம் சேர்த்து. சி கிளாஸில் கப்பல் மூழ்கினால், தீப்பிடித்தால் காசு வரும், நனைந்தது, திருடு போனது, ஃபோர்க்லிஃப்ட் குத்தியது இதற்கெல்லாம் வராது. எல்சிஎல்லில் நடப்பதோ பெரும்பாலும் இந்த மூன்றும்தான்.

பாதையும் கேளுங்கள். தூத்துக்குடியிலிருந்து கன்டெய்னர் பெரும்பாலும் ஃபீடர் என்கிற சின்னக் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பல் ஏறும். அது சரி. ஆனால் ஹாம்பர்க்குக்கு நேர் பெட்டி நிரம்பவில்லை என்றால், கொழும்பில் கன்டெய்னரையே திறந்து, சரக்கை இறக்கி, ஹாம்பர்க் போகிற வேறு பெட்டியில் மறுபடி அடுக்குகிற முறையும் இருக்கிறது. ஒரு தடவை கூடுதலாகக் கைமாறுகிறது, அங்கே பெட்டி நிரம்பக் காத்திருக்கும் நாளும் கூடுகிறது. "நேர் பெட்டியா, கொழும்பில் பிரிப்பதா? வாரத்துக்கு எத்தனை பெட்டி கிளம்புகிறது, சரக்கை ஒப்படைக்கக் கடைசி நாளான கட் ஆஃப் என்ன கிழமை?" என்று கேட்டால் ஃபார்வர்டருக்கே உங்கள்மேல் ஒரு மரியாதை வரும். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியபின் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கியதில் ஐரோப்பாவுக்குப் பத்து முதல் பதினான்கு நாள் வரை கூடியது. நீங்கள் அனுப்புகிற வாரத்தில் கப்பல் எந்த வழி போகிறது என்று கேட்டுவிட்டு வாங்குபவரிடம் தேதி சொல்லுங்கள். கப்பல் ஓடுகிற நாளை மட்டும் சொல்லாதீர்கள், இந்தப் பக்கம் கிடங்கில் ஒரு வாரமும் அந்தப் பக்கம் பிரித்துக் கொடுக்க ஒரு வாரமும் சேர்த்துச் சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் சரக்கு என்றால் இன்னும் தாராளமாக.

காகிதம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏற்றுமதிக்கான ஐஇசி எண், வங்கியின் ஏடி கோடைக் கஸ்டம்ஸில் பதிவு செய்வது, ஜிஎஸ்டி கட்டாமல் அனுப்ப எல்யூடி என்கிற உறுதிக் கடிதம், இதையெல்லாம் உங்கள் கஸ்டம்ஸ் ஏஜென்ட் (சிஎச்ஏ) பார்த்துக்கொள்வார். இரண்டு விஷயம் மட்டும் நீங்களே பாருங்கள். ஐரோப்பாவுக்கு இப்போது ஹவுஸ் பிஎல் வாரியாக முன்கூட்டியே தகவல் போக வேண்டும், பொருளின் வகையைச் சொல்லும் ஆறு இலக்க எச்எஸ் கோடும், வாங்குபவரின் ஐரோப்பிய கஸ்டம்ஸ் பதிவு எண்ணான ஈஓஆர்ஐயும் கேட்பார்கள். "டெக்ஸ்டைல்" என்று மொட்டையாக எழுதினால் திரும்பி வரும், பருத்தி டேபிள் கிளாத், பருத்தி கிச்சன் டவல் என்று பெயர் சொல்லி எழுதுங்கள், இரண்டும் 6302 என்ற எச்எஸ் தலைப்புக்குள் வந்தாலும் ஆறு இலக்கத்தில் பிரியும். இன்னொன்று, பிஎல்லில் "3 பாலெட்" என்று மட்டும் இருக்கக் கூடாது, "3 பாலெட்டில் 84 கார்ட்டன்" என்று இருக்க வேண்டும். உலக நாடுகள் பலவற்றில் நடைமுறையில் இருக்கிற ஹேக்-விஸ்பி விதியில் கப்பல்காரரின் இழப்பீட்டு வரம்பு ஒரு பேக்கேஜுக்கு 666.67 எஸ்டிஆர் (ஐஎம்எஃப்பின் கணக்கு அலகு), அல்லது கிலோவுக்கு 2 எஸ்டிஆர், எது அதிகமோ அது. பேக்கேஜ் மூன்றா எண்பத்து நான்கா என்பதை பிஎல்லில் எழுதியிருப்பதை வைத்துத்தான் எண்ணுவார்கள்.

பேமென்ட் பாக்கி இருந்தால் ஒரிஜினல் பிஎல்லைக் கையை விட்டு விடாதீர்கள், பணம் வந்த பிறகு அதை ஒப்படைத்து சரண்டர் செய்தால் போதும். ஆனால் ஹவுஸ் பிஎல்லின் பலம் அதைக் கொடுக்கிறவரின் நாணயத்தில்தான் இருக்கிறது. ஒரிஜினல் கேட்காமலேயே அந்தப் பக்கத்து ஏஜென்ட் சரக்கைக் கொடுத்துவிட்டால், பிஎல்லைக் கையில் வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? 1993ஆம் வருடச் சட்டப்படி கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தில் எம்டிஓ, அதாவது பலவகைப் போக்குவரத்து நடத்துநர் என்று பதிவு வைத்திருக்கிறவரா என்று கேளுங்கள். பிஎல்லிலேயே அந்தப் பதிவு எண் இருக்கும்.

இன்னொரு ரகசியம், மூன்று ஃபார்வர்டர்களில் யாருமே பெட்டி நிரப்புகிறவராக இல்லாமல் இருக்கலாம். மூவரும் தூத்துக்குடியில் ஒரே கன்சாலிடேட்டரிடம்தான் கொண்டுபோய்ப் போடுவார்கள், சரக்கு ஒரே பெட்டியில் போகும், ரேட் மட்டும் மூன்று விதம். "யாருடைய பெட்டி?" என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

அடுத்த ஆர்டர் பெரிதானால் ஒன்று கவனியுங்கள். 20 அடிப் பெட்டிக்குள் இடம் ஏறக்குறைய 33 சிபிஎம், அட்டைப் பெட்டி அடுக்கினால் 25 முதல் 28 வரை வரும். அது நிரம்பும் வரை எல்சிஎல்தான் என்று இருந்துவிடாதீர்கள், 13, 14 சிபிஎம் தாண்டினாலே முழுப் பெட்டி ரேட்டும் சேர்த்து வாங்கிப் பாருங்கள், பாதி காலியாகப் போனாலும் மொத்தச் செலவு குறைவாக வருவது உண்டு. மறுபக்கம், ஒரு சிபிஎம்முக்குக் கீழே இருந்தால் எல்சிஎல்லே வேண்டாம், குறைந்தபட்சம் ஒரு சிபிஎம்முக்குக் காசு வாங்குவார்கள், டாக்குமென்ட் கட்டணமெல்லாம் சரக்கு சின்னது என்று குறையாது. சாம்பிள் பெட்டிக்குத் தபாலோ கூரியரோ போதும்.

மூன்று பேருக்கும் கடிதம் எழுதுவதற்கு முன்னால், டவல் நிரப்பி டேப் போட்ட பெட்டி ஒன்றை ஓர் இரவு அப்படியே வைத்து, காலையில் உப்பிய இடத்தில் அளந்து பாருங்கள். உயரம் 25க்குப் பதில் 28 காட்டினால் கடிதத்தில் 5 சிபிஎம் என்று எழுத முடியாது.